இடிக்கும் முன் ஒரு வாரம்: பழைய தறி குடோனில் கற்றவை

பழைய கட்டடத்தை என்ன செய்யலாம் என்று யார் வந்து கேட்டாலும், ஜேசிபிக்காரருக்குப் போன் போடுவதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அந்த ஒரு வாரம் கட்டடத்தைச் சுற்றி வந்து, தட்டி, சுரண்டி, அளந்து பார்க்க வேண்டும். எது அப்படியே நிற்கலாம், எதைப் பிரித்து எடுக்கலாம், எது உண்மையிலேயே குப்பை என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஜேசிபி வந்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்கே இடமில்லை. மதியச் சோற்றுக்கு முன்னால் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். தேக்கு உத்திரம் முறிந்து கிடக்கும், ஓடு தூளாகியிருக்கும், செங்கல்லோடு மண்ணும் கம்பியும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கும். கலந்ததை யாரும் வாங்க மாட்டார்கள். டிராக்டரில் ஏற்றி ஊருக்கு வெளியே ஏதாவது பள்ளத்திலோ குட்டையிலோ கொட்டிவிட்டு வருவார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் போக வழியிருக்காது.

பல்லடம், சோமனூர், சூலூர் வட்டாரத்தில் வீடு கட்டித் தருவது என் தொழில். பழைய கட்டடத்தில் முழுசாக இறங்கி வேலை செய்தது என் அத்தையின் தறி குடோனில்தான். 1980களில் மாமா கட்டியது. முப்பதடி அகலம், தொண்ணூறு அடி நீளம். முன்பாதி மங்களூர் ஓடு, பின்னால் நீட்டிய பாதிக்கு சிமெண்ட் அட்டை. தறிகளை எடைக்குப் போட்ட பிறகு பூட்டிக் கிடந்தது. அத்தை இருக்க ஒரு வீடு, மருமகள் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்க ஒரு கூடம், இரண்டும் அதே இடத்தில் வேண்டும்.

"ஏங்கண்ணு, இத இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டீரலாமா? ஊர்ல எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்க" என்றார் அத்தை.

"இருங்கத்தை, நல்லாப் பாத்துப்போட்டு சொல்றனுங்க" என்றேன்.

பார்ப்பதற்கென்று பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். தறி ஓடிய கட்டடத்தில் இது முக்கியம், ஏனென்றால் வருசக்கணக்கில் அதிர்ந்த சுவரில் இணைப்புகள் தளர்ந்திருக்கும். விரிசல் இருந்த இடங்களில் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி வைத்தோம். விரிசல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அந்த வாரம் மட்டுமல்ல, மழைக்காலம் முடியும் வரை அது உடையவில்லை. கடக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, இரண்டு மூலையில் தோண்டிப் பார்த்தோம். கருங்கல் கட்டு, அசையாமல் இருந்தது. ஒன்பது அங்குலச் சுவர், செம்மண் சாந்தில் கட்டிச் சுண்ணாம்புப் பூச்சு பூசியது. கூட வந்த கொத்தனார் சுவரைக் கையால் தட்டிவிட்டு, "இது இன்னொரு தலைமொறைக்கு நிக்குமுங்க, தலையில மட்டும் ஒரு பெல்ட் போட்டுருங்க" என்றார். சுவரின் மேல்மட்டத்தில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டு நான்கு சுவரையும் கட்டினோம். சுவருக்குச் செய்த பெரிய வேலை அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் கடக்காலும் சுவரும்தான் கல்லையும் மண்ணையும் அதிகம் விழுங்குகின்றன. காரணம்பேட்டைப் பக்கம் கல்குவாரிகளைப் பார்த்தவர்களுக்கு நம் கருங்கல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பதும் தெரியும். அங்கே செங்கல் சூளைகள் 2021ல் மூடப்பட்டன, தோண்டிய குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. சிமெண்ட் கதையும் இதுதான். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது அந்தக் கல்லே கரியமில வாயுவை வெளிவிடுகிறது. எரிபொருளை மாற்றினாலும் இந்தப் பகுதி குறையாது. அதனால் ஏற்கெனவே சுட்டு, உடைத்து, ஏற்றி வந்து, கட்டி நிற்கிற சுவரை நிற்க விடுவதைவிடச் சிக்கனமான கட்டுமானம் எனக்குத் தெரிந்து இல்லை. பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கிக் கட்டுகிற புதுக் கட்டடமும் இந்த இடத்தில் பின்னால்தான் நிற்கிறது.

சரி, கூரைக்கு வருகிறேன். நாங்கள் அதிக நேரம் செலவழித்தது அங்கேதான்.

ஓடு பிரிப்பதற்கு முன்னால் தறி குடோனில் ஒரு வேலை உண்டு. கைமரம், வளை, மின்வயர் என்று எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்திருக்கும். விரல் கனத்துக்குக் கூட இருக்கும். வெல்டிங் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் மெஷினை உள்ளே விட வேண்டும். ஒரு பொறி போதும், பஞ்சு வழியாகவே தீ கூரை முழுக்க ஓடிவிடும். வாக்குவம் கிளீனர் வாடகைக்கு எடுத்துச் சுத்தம் செய்தோம்.

மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். மாமா கட்டும்போதே பாதி ஓட்டைப் பழையதாக வாங்கியிருக்கிறார், அதனால் காமன்வெல்த் உட்பட மூன்று நான்கு பெயர்கள் இருந்தன. பிரிக்கும்போது பெயர்வாரியாகத் தனித்தனியாக அடுக்க வேண்டும். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளமும் மேடும் இன்னொரு கம்பெனி ஓட்டில் சரியாக உட்காராது. கலந்து மேய்ந்தால் பார்க்க நன்றாக இருக்கும், முதல் சாரலிலேயே ஒழுகும். ஒரு சரிவுக்கு ஒரு கம்பெனி என்று பிரித்து மேய்ந்தோம். நல்ல ஓடா என்று பார்க்க, விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். சந்தேகமான ஓட்டைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் கசிவது அடியில் தெரியும். ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ 140 ஓடு பிடிக்கும். உடைவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் அதிகம் கணக்கு வையுங்கள். எங்களுக்குக் குறைந்ததை, கோபிப் பக்கம் பிரித்த ஒரு பழைய அரிசி ஆலைக் கூரையிலிருந்து வாங்கினோம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காத்து நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேற்குப் பார்த்த சரிவில் ஓரத்து இரண்டு வரிசையையும் முகட்டோரத்தையும் துருப்பிடிக்காத கம்பியால், ஓடு உட்காரும் ரீப்பர் சட்டத்தோடு கட்டிவிட்டோம். ஓட்டின் அடியில் அதற்கென்றே ஒரு துளையுள்ள முனை இருக்கிறது, பல பேர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

சிமெண்ட் அட்டை போட்ட பின்பாதி வேறு விசயம். பழைய பொருளை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான், ஆனால் இந்த அட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் நார். அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நம் நாட்டில் இந்த அட்டைக்கு இன்னும் தடையில்லை. அதனால் பிரித்த அட்டையை மாட்டுக்கொட்டகைக்கும் கோழிக்கூண்டுக்கும் கேட்டு ஆள் வரும். எங்களிடமும் வந்தார்கள். அட்டை உடையாமல் இருக்கிற வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், துளை போடும்போதும், கிரைண்டர் வைத்து வெட்டும்போதும்தான் நார் காற்றில் பறக்கிறது. விட்டுவைக்க முடிந்தால் மேலே பெயிண்ட் அடித்து, துளை போடாமல் அப்படியே விடலாம். எங்களுக்குப் பின்பாதியில்தான் படுக்கையறை வருகிறது, எடுத்தே ஆக வேண்டும். தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கையால் கழற்றி, கயிறு கட்டி முழு அட்டையாக இறக்கினோம். வேலை செய்தவர்களுக்கு பி100 வடிகட்டி வைத்த மாஸ்க், அந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கண்டிப்பு. தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் ஒப்படைத்தோம். அதற்குச் செலவானது. அந்தச் செலவில் சுருக்கம் பார்க்காதீர்கள்.

தரைதான் ரொம்பப் படுத்தியது. தறி எண்ணெய் வருசக்கணக்கில் ஊறிய சிமெண்ட் தரையில் டைல்ஸ் பசை பிடிக்காது. காஸ்டிக் சோடா போட்டுத் தேய்த்தாலும் கொஞ்ச நாளில் எண்ணெய் மறுபடி மேலே வரும். மேல் இரண்டு அங்குலத்தைக் கொத்தி எடுப்பது ஒன்றே வழி. எடுத்ததில் எண்ணெய் படாத சல்லியை மட்டும் புதுச் சமையலறைத் தரைக்கு அடியில் நிரப்பிக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினோம். உடைத்த கான்கிரீட்டை மறுபடி ஜல்லியாகப் பயன்படுத்த ஐஎஸ் 383 என்ற இந்தியத் தரநிலையே 2016லிருந்து இடம் தருகிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அடியில் போடும் மெலிந்த கலவையில் முழுக்கவும் கலக்கலாம். வீட்டு வேலையில் நாம் அதை ஜல்லியாக்கிச் சலித்துத் தரம் பார்ப்பது நடக்காது. தரைக்கு அடியில் நிரப்புவதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும், அதிலேயே ஒரு டிப்பர் லோடு மிச்சமாகும்.

பூச்சு விசயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. செம்மண் சாந்திலும் சுண்ணாம்பிலும் கட்டிய சுவருக்கு மேல் சிமெண்ட் பூச்சு பூசாதீர்கள். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஓதம் மேலே மேலே ஏறி, இரண்டு மூன்று வருசத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக விழும். அப்போது எல்லோரும் பழைய சுவர்தான் மோசம் என்பார்கள். நாங்கள் சுண்ணாம்பை ஊற வைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துப் பூசினோம். அந்தக் கை தெரிந்த கொத்தனார் இப்போது குறைவு. தாராபுரம் பக்கமிருந்து ஒரு வயசானவரை அழைத்து வந்தோம், கூடவே இரண்டு இளவட்டங்களை நிறுத்திப் பழக வைத்தோம்.

தடுப்புச் சுவருக்குப் பழைய செங்கல் வாங்கினோம். மண் சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டிய சுவரைப் பிரித்தால் கல் முழுசாக வரும், கரண்டியால் சுரண்டினாலே சுத்தமாகிவிடும். சிமெண்ட் கலவையில் கட்டியது வராது, கலவை விடுவதற்கு முன்னால் கல் உடையும். வாங்கும்போது இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், நகத்தால் கீறிப் பாருங்கள். நான்கைந்தை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு மறுபடி எடை பாருங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் வேண்டாம். கழிப்பறை, மாட்டுத்தொழுவம் இருந்த சுவரின் கல்லையும் தொடாதீர்கள். அதில் ஏறிய உப்பு புதுச் சுவரிலும் பூத்துக்கொண்டே இருக்கும்.

கதவு, நிலவு (கதவைத் தாங்கும் நிலைச்சட்டம்), ஜன்னல் எல்லாம் காங்கேயம் பக்கம் பிரித்த ஒரு தொட்டிக்கட்டு வீட்டில் எடுத்தவை. மரத்தில் கறையான் பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். நிலவின் அடிப்பகுதி, தரைக்குள் புதைந்திருந்த ஒரு சாண், அதை மட்டும் மறக்காமல் உளியால் குத்திப் பாருங்கள். அங்கே இத்துப்போயிருந்தால் அவ்வளவை அறுத்துவிட்டு மீதியைச் சின்ன ஜன்னலுக்கு வைக்கலாம். உத்திரத்தை அறுக்கக் கொடுக்கும் முன் ஆணி முழுக்கப் பிடுங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் மர மில்லில் வாங்க மாட்டார்கள். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மரத்தின் மேல் நகர்த்தினால் உள்ளே முறிந்து கிடக்கிற ஆணி கூட மாட்டும். எங்கள் ஆசாரி சொல்லிக் கொடுத்த வழி அது.

இடித்த கம்பியை மட்டும் நிமிர்த்திக் கட்டடத்துக்குப் போடாதீர்கள். வளைத்து நிமிர்த்திய கம்பியை நம்பித் தூணும் தளமும் எழுப்ப முடியாது. அது பழைய இரும்புக்குப் போய் உருகி வரட்டும்.

எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. 90களில் அவசரமாகப் போட்ட கான்கிரீட் தளங்கள் பலவற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை விழுகிறது. அப்படியென்றால் கான்கிரீட்டை ஒரு இடத்தில் புதிதாக உடைத்து, பினாப்தலின் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். ரோஸ் நிறம் வந்தால் அந்த ஆழத்தில் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காக்கிறது. நிறமே வராத பகுதி கம்பி வரைக்கும் போயிருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டு, கான்கிரீட்டின் தரம் பார்க்கும் ஹேமர் டெஸ்ட், அல்ட்ராசானிக் டெஸ்ட் எடுத்த பிறகுதான் மேற்கொண்டு பேச வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறையில் கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள்.

காகித வேலையும் இருக்கிறது. தறி மின்இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அதே இணைப்பில் வீடும் தையல் கூடமும் ஓட்டினால் அபராதம் வரும். குடி போகும் முன்னால் இணைப்பு வகையை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் பயன்பாடு மாறுவதற்கும் உள்ளாட்சியில் அனுமதி வாங்க வேண்டும். நிற்கிற கட்டடம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

செலவு என்று பார்த்தால், புதிதாகக் கட்டுவதைவிடக் குறைவாகவே ஆனது. ஆனால் காசு போகிற இடம் மாறிவிடும். பொருளுக்குப் போவது குறைந்து கூலிக்குப் போவது கூடும். பிரிக்க, சுத்தம் செய்ய, அடுக்க, திருத்த எல்லாவற்றுக்கும் கை வேண்டும். அந்தக் கூலி சுற்றுவட்டார ஊர்களுக்கே போகிறது என்பது எனக்குப் பெரிய சந்தோசம். காலமும் கூடும். நாங்கள் முன்பாதியை முடித்து அத்தையை அங்கே குடிவைத்துவிட்டு, பின்பாதியில் இறங்கினோம். வாடகை வீடு பார்க்கும் வேலை மிச்சம். பிரான்சில் போர்டோ நகரத்தில் இதையே பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். 1960களின் மூன்று அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்காமல், 530 வீடுகளில் இருந்தவர்களையும் கிளப்பாமல், வெளிப்பக்கம் கண்ணாடித் தாழ்வாரம் ஒட்டி எல்லா வீட்டையும் பெரிதாக்கினார்கள். அந்த வேலையில் இருந்த லக்காட்டோன், வசால் என்ற இருவருக்கும் 2021ல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது.

கோவையில் இதற்கு இடம் நிறைய இருக்கிறது. 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு வரிசையாக ஆலைகள் எழுந்தன. வடக்குப் பார்த்த கண்ணாடி வைத்த ரம்பப்பல் கூரைகள் அவை. வெயில் உள்ளே விழுவது குறைவு, வெளிச்சம் மட்டும் நாள் முழுக்கச் சீராக இறங்கும். தையல், படிப்பு, நூலகம், பட்டறை என்று எதற்கும் ஏற்ற வெளிச்சம் அது. அவினாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் பழைய ஆலைக் கட்டடத்தில் இன்று கடைகளும் உணவகங்களும் நடக்கின்றன. தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 ஊரடங்கில் நின்று பூட்டிக் கிடக்கின்றன. அந்த இடங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நிலத்தின் விலையை மட்டும்தான் பேசுகிறார்கள். அந்தக் கூரையையும் சுவரையும் யாராவது அளந்து எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் வருகிறது. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கான 2016 விதிகளே பெரிய இடிபாடுகளைக் கான்கிரீட், மண், செங்கல், இரும்பு-மரம்-பிளாஸ்டிக் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. 2025ல் வந்த புது விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுகிறவர்களுக்கு அவற்றில் மறுசுழற்சிப் பொறுப்பு உண்டு. நம் வீடுகள் இந்த அளவுக்கு வராது. ஆனால் பெரியவர்கள் தேடத் தொடங்கினால் பிரித்த பொருளுக்குச் சந்தை உண்டாகும்.

இப்போது நான் எழுதும் எஸ்டிமேட்டில் 'பிரிப்புக் கூலி' என்று தனி வரி ஒன்று சேர்க்கிறேன். பழைய கட்டடம் வாங்குகிறவர்கள் வந்து மொத்தமாக ஒரு விலை சொல்லி, இடிபாட்டையும் நாங்களே அள்ளிக்கொள்கிறோம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஒத்துக்கொள்ளும் முன்னால் ஓடு எத்தனை, கைமரம் எத்தனை கன அடி, கதவு எத்தனை, செங்கல் எந்தச் சாந்து என்று ஒரு தாளில் எழுதி, உங்களுக்கு வேண்டியதை அதில் வட்டம் போடுங்கள். மீதிக்கு மட்டும் விலை பேசுங்கள். ஓட்டை மேலிருந்து கையால் இறக்க வேண்டும், மரத்தைக் கயிறு கட்டி இறக்க வேண்டும், மிச்சத்தை எங்கே கொட்டுவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் பிரித்தெடுக்க வசதியாக, புதிதாகச் சேர்க்கிற கூரையை வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அத்தை வீட்டுப் பின்பாதியில் அப்படித்தான் போட்டிருக்கிறோம். என்ன சைஸ் போல்ட், எந்த ஸ்பேனர் என்று மெயின் போர்டு கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.